முகவெட்டு இல்லாத முகம்

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் பங்குகளில் நாடகச் சுரம் பிடித்துக்கொள்ளும். திருப்பூர்ப் பக்கத்துப் பங்குகளில் அதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. வானதூதரின் சிறகுகள் பனியன் பெட்டி அட்டையில் வெட்டப்பட்டிருக்கும். இடையர்களின் தலைப்பாகை கட்டிங் வேஸ்ட் துணியாக இருக்கும். மூன்று அரசர்களில் ஒருவராவது தாடிக்கு நூல் கழிவை ஒட்டிக்கொண்டு மேடையில் தும்முவார். ஒத்திகை நேரத்தைப் பங்குத் தந்தை குறிப்பதில்லை, கம்பெனிதான் குறிக்கிறது. ஒன்றரை ஷிப்ட் முடித்துவிட்டு, காதோரம் பஞ்சுத் தூசி ஒட்டியிருக்க, இளைஞர்கள் ஒவ்வொருவராகச் சைக்கிளிலும் வண்டியிலும் வந்து சேர இரவு ஒன்பது மணி ஆகிவிடும். அதன் பிறகுதான் பெத்லகேமில் விளக்கு எரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய நாடகம் ஒன்றுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு நம்மிடம் வந்தது. அப்போது நாம் செய்த ஒரு செயலை இந்தப் பக்கத்தில் எழுதலாமா வேண்டாமா என்று பலமுறை யோசித்திருக்கிறோம். இந்த மாதம் எழுதிவிடுவதென்று துணிந்தோம்.

இருபது வயது மதிக்கத்தக்க ஓர் இளைஞன் வந்தான். ஒரு பவர் டேபிளில் கைமடி வேலை பார்ப்பவன். சிறுவயதில் கொதிநீர் கவிழ்ந்து இடது கன்னம் முழுவதும் தழும்பு. சூசையப்பர் வேடம் வேண்டும் என்று கேட்டான். கேட்டதோடு நிற்காமல் சூசையப்பரின் வசனம், சத்திரக்காரனின் வசனம், ஏரோது அரசனின் வசனம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துக் காட்டினான். குரலில் குறையில்லை, உச்சரிப்பும் சுத்தம். நாம் என்ன சொன்னோம் தெரியுமா? “தம்பி, சூசையப்பர் என்றால் கொஞ்சம் முகவெட்டு வேண்டாமா? நீ திரை இழுப்பதைப் பார்த்துக்கொள். வேண்டுமானால் சத்திரக்காரனாக வா. இரண்டே வசனம்தான், சனங்கள் சிரிப்பார்கள்” என்றோம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். விழா இரவில் திரையைச் சரியாக இழுத்தான். சனவரி மாதத்திலிருந்து இளைஞர் கூட்டத்திற்கு வருவதை நிறுத்திக்கொண்டான்.

ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, கெபி அருகில் அவனுடைய தாயார் நம்மை நிறுத்தினார். சண்டைக்கு வந்தவர் போல அவர் பேசவில்லை. “ஏனுங்க, சின்னப் புள்ளையில கவனிக்காம விட்டது எங்க தப்புங்க. கம்பெனியில பசங்க சொல்றானுங்க, அதுகூடப் பரவாயில்லீங்க. கோயில்லயும் அதையே சொன்னா அவன் எங்கீங்க போவான்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

நம்மிடமும் பதில் இருக்கவில்லை. அன்று வீடு திரும்பும்போது நம் நினைவுக்கு வந்தவர் ஒரு திரைப்பட நடிகர். இறை வார்த்தை எதுவும் நினைவுக்கு வராமல் சினிமாக்காரர் ஒருவர் நினைவுக்கு வந்ததை எண்ணி வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கத்தோலிக்கக் குடும்பங்களில் சினிமா என்றாலே வாசலோடு நிறுத்தி வைத்த காலம் ஒன்று இருந்தது உண்மை. ஆனால் 1957-இலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் திரைப்படம், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றைக் குறித்து ஒரு சுற்றுமடல் எழுதி, அவற்றின் நன்மை தீமை இரண்டையும் எடைபோட்டுப் பேசினார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றித் தனி ஏடு ஒன்றை வெளியிட்டது. நாம்தான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம்.

நினைவுக்கு வந்த அந்த நடிகர் நாகேஷ். அவர் நமக்கு அயலார் அல்லர். 1933 செப்டம்பர் 27 அன்று, அமராவதிக் கரையிலுள்ள தாராபுரத்தில், கன்னடம் பேசும் குடும்பமொன்றில் பிறந்தவர். திருப்பூரிலிருந்து தாராபுரம் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். பேருந்தில் ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் ஊர் வந்துவிடும். பெற்றோர் வைத்த பெயர் நாகேஸ்வரன். வீட்டில் குண்டப்பா என்று அழைத்தார்களாம். வாழ்நாள் முழுவதும் ஈர்க்குச்சி போல இருந்த மனிதருக்கு இப்படி ஒரு செல்லப்பெயர்! தந்தையார் கிருஷ்ணராவ் மைசூர்ப் பகுதியில் அரசிகரே ரயில் நிலையத்தில் பணியாற்றியவர். பையன் தாராபுரத்தில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, கோவை பி.எஸ்.ஜி. கலைக் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் சேர்ந்தான். அந்நாளில் கோவையும் ஒரு சினிமா நகரம்தான். சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் அங்கே இயங்கிவந்தன. எனினும் தாராபுரத்துப் பையனை அவை எட்டிப் பார்க்கவில்லை.

கல்லூரி நாள்களில் பெரியம்மை வந்தது. உயிர் பிழைத்தார், முகமெங்கும் குழிகள் தங்கிவிட்டன. இன்றைய பிள்ளைகளுக்குப் பெரியம்மை என்றால் என்னவென்று தெரியாது. இந்தியாவில் கடைசியாக அந்த நோய் கண்டது 1975-இல். உலகை விட்டே அது ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 1980-இல். நம் வீட்டுப் பெரியவர்களின் மேற்கையில் இருக்கும் வட்டத் தழும்பு அம்மை குத்தியதன் அடையாளம். தடுப்பு ஊசி எல்லா வீடுகளையும் எட்டாத நாள்களில், பிழைத்தவர்கள் தம் முகத்தையே நோயின் சாட்சியாகச் சுமந்தார்கள். பெண் பார்க்கும் இடத்திலும் வேலை கேட்கும் இடத்திலும் அந்தச் சாட்சி அவர்களுக்கு எதிராகவே பேசியது.

முகம் மாறிய பிள்ளை வீட்டில் தங்கவில்லை. ஐதராபாத்துக்குப் போனார். அங்கே கிடைத்த சில்லறை வேலைகளையெல்லாம் பார்த்தார். ஊறுகாய்க் கடை கூட அவற்றில் ஒன்று. பிறகு சென்னைக்கு வந்து ரயில்வே அலுவலகத்தில் எழுத்தர் ஆனார். குடும்பம் நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும். மாதம் பிறந்தால் சம்பளம், பிற்காலத்தில் ஓய்வூதியம், வேறென்ன வேண்டும்?

இந்த இடத்தில் அக்காலத்துச் சென்னை அலுவலகங்களைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும். அரசு அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் வங்கிகளிலும் பொழுதுபோக்குச் சங்கங்கள் இருந்தன. பகலில் கோப்பு புரட்டியவர்கள் மாலையில் முகத்தில் பவுடர் பூசிக்கொண்டார்கள். சிறுவயதிலேயே பிள்ளைகளைச் சேர்த்து, பாட்டும் வசனமும் அடித்துப் பழக்கிய பழைய பாய்ஸ் கம்பெனிகளின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அந்த வெற்றிடத்தில் இந்த அமெச்சூர் குழுக்கள் முளைத்தன. அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் பணிபுரிந்த கே. பாலசந்தர் அப்படித்தான் நாடகாசிரியர் ஆனார். ரயில்வே எழுத்தர் நாகேஷ் அப்படித்தான் நடிகர் ஆனார். சம்பளம் வாங்கும் வேலையை விடாமல், இரவில் ஒத்திகைக்கு வந்து சேரும் மனிதர்கள்! நம் திருப்பூர் இளைஞர்களுக்கும் அவர்களுக்கும் அதிக தூரம் இல்லை.

ரயில்வே நாடகம் ஒன்றில் நாகேசுக்குக் கிடைத்தது வயிற்று வலிக்காரன் வேடம். கதைக்கு அப்படியொன்றும் அவசியமில்லாத ஆள். வந்து, வலியால் துடித்து, போய்விட வேண்டும். நாடகத்திற்குத் தலைமை தாங்க வந்திருந்தவர் எம்.ஜி.ஆர். விழா முடிவில் அந்த வயிற்று வலிக்காரனைத் தனியே குறிப்பிட்டுப் பாராட்டிப் பரிசளித்தார். எல்லாருடைய கண்ணும் கதாநாயகன் மீது இருக்கும்போது, ஓரத்தில் துடித்தவனைப் பார்த்த அந்தக் கண்ணையும் நாம் இங்கே மெச்ச வேண்டும். பிறகு ‘டாக்டர் நிர்மலா’ என்ற நாடகத்தில் வலி பொறுக்காமல் ‘தை, தை’ என்று மேடையெங்கும் குதித்ததில் ‘தை நாகேஷ்’ என்ற பெயரே ஏற்பட்டது.

ரயில்வே வேலையை உதறிவிட்டுத் திரைப்படத்தை நம்பி இறங்கியது பெரும் துணிச்சல். பெற்றோராகிய நம்மில் யாரும் தம் பிள்ளைக்கு அந்த ஆலோசனையைச் சொல்ல மாட்டோம்; நாமும் சொல்ல மாட்டோம். தியாகராய நகரில் கிளப் ஹவுஸ் என்ற விடுதியில் அவர் தங்கியிருந்தபோது, உடன் இருந்தவர்கள் சீரங்கத்திலிருந்து பாட்டெழுத வந்த வாலியும், பின்னாளில் நடிகராக அறியப்பட்ட ஸ்ரீகாந்தும். மூவரும் பட்டினியைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். 1950-களின் இறுதியில் சிறுசிறு வேடங்கள் வந்தன. பெயர் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

1964-ஆம் ஆண்டு எல்லாவற்றையும் மாற்றியது. ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் செல்லப்பா. படம் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டு, கையில் காசில்லாமல் ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பெயர்ப் பலகை மட்டும் வைத்திருக்கும் பிள்ளை. தந்தையாக வரும் டி.எஸ். பாலையாவுக்கு அவர் ஒரு பேய்க்கதை சொல்லும் காட்சியைப் பார்க்காத தமிழர் குறைவு. அந்தக் காட்சியை ஒருமுறை நாகேஷைப் பார்க்காமல் பாலையாவை மட்டும் பார்த்துப் பாருங்கள். மறுமுறை பாலையாவை விட்டுவிட்டு நாகேஷை மட்டும் பாருங்கள். சொல்பவர் ஒரு வாத்தியம், கேட்பவர் மற்றொரு வாத்தியம். இவர் ஒலி எழுப்ப, அவர் நடுங்குகிறார். அவர் நடுங்க நடுங்க இவருக்கு ஊக்கம் பிறக்கிறது. எதிரே இருப்பவருக்கு இடம் விட்டு நடிப்பது என்றால் என்ன என்று நாடகம் போடும் இளைஞர்கள் கேட்டால், நாம் இந்தக் காட்சியைத்தான் காட்டுவோம்.

அதே ஆண்டு இறுதியில் ‘சர்வர் சுந்தரம்’ வந்தது. பாலசந்தர் நாடகமாக எழுதியது, ஏ.வி.எம். நிறுவனம் தயாரிக்க, கிருஷ்ணன் – பஞ்சு இயக்கினார்கள். ஓட்டலில் மேசை துடைக்கும் சுந்தரம் சினிமாவில் பெரிய நடிகனாகிறான். அவன் விரும்பிய பெண்ணோ அவனுடைய நண்பனை விரும்புகிறாள். தாய் சாகும் வேளையில் மகனால் பக்கத்தில் இருக்க முடியவில்லை. இறுதியில் பட்டத்தையும் பணத்தையும் உதறிவிட்டு, பழைய சர்வர் உடையைப் போட்டுக்கொள்கிறான். முகவெட்டு இல்லாத ஒருவன் தன்னை ஒரு பெண் விரும்புவாள் என்று நம்பிவிடுவதும், அப்படி நம்பியதற்காகத் தனக்குள்ளேயே வெட்கப்படுவதும் எப்படி இருக்கும் என்பதை அந்தப் படத்தில் நாகேசின் முகம் சொல்கிறது. அம்மைக் குழிகளை அவர் மறைக்கவில்லை. காமிரா நெருங்கி வரும்போது அவை நன்றாகவே தெரிகின்றன. நகைச்சுவை நடிகர் ஒருவரைக் கதையின் நடுவே நிறுத்தி, மூன்று மணி நேரம் அவருக்காக மக்களை அழவைத்த படம் அது.

அடுத்த ஆண்டு, 1965-இல், பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய ‘நீர்க்குமிழி’யிலும் நாகேஷே நடுநாயகம். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி எல்லாரையும் சிரிக்க வைக்கும் சேது என்ற நோயாளி. அவனுக்குப் புற்றுநோய், அவனுக்கே அது தெரியாது.

அதே 1965-இல் ஏ.பி. நாகராசனின் ‘திருவிளையாடல்’. தருமியைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றது. எனினும் ஒன்று சொல்வோம். தருமி நகைச்சுவைப் பாத்திரம் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அவனுடைய நிலை என்ன? பரிசுத் தொகை ஆயிரம் பொற்காசு என்று கேள்விப்பட்ட ஏழைப் புலவன். பாட்டு வரவில்லை. ஆலய மண்டபத்தில் தனியே நின்று தனக்குத்தானே புலம்புகிறான். வறுமை ஒருவனைத் தனியே பேசவைக்கும் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சனிக்கிழமைச் சம்பளம் வாங்கி, மளிகைக்கும் வாடகைக்கும் வட்டிக்கும் பிரித்துவிட்டு, பேருந்து நிறுத்தத்தில் உதடசைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டு நிற்கும் மனிதர்களை நாம் திருப்பூரில் வாரந்தோறும் பார்க்கிறோம். நாகேசின் தருமி அவர்களுடைய உறவுக்காரன். சிவாசி கணேசன் சிவனாகவே எதிரில் நின்றும், அந்தக் காட்சி ஒல்லிப் புலவனிடமே போய்ச் சேர்ந்துவிட்டது. படத்தைப் பார்த்த சிவாசி, தருமி வரும் பகுதியில் ஓர் அடிகூட வெட்டக் கூடாது என்று சொன்னதாகத் திரையுலகில் நெடுநாளாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. பெருந்தன்மைக்கு அவரையும் வணங்குவோம்.

திருப்பூர் வாசகர்களுக்கென்றே நாம் எடுத்துவைத்திருக்கும் படம் வேறு. 1966-இல் வந்த ‘மேஜர் சந்திரகாந்த்’. மேஜராக நடித்த சுந்தரராசனுக்கு அந்தப் பாத்திரத்தாலேயே மேஜர் பட்டம் ஒட்டிக்கொண்டது. அதில் நாகேஷ் மோகன் என்ற தையல்காரர். ஒரே தங்கையைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பவர். தங்கையாக நடித்தவர் ஜெயலலிதா. வசதியான வீட்டு இளைஞன் ஒருவன் அவளை ஏமாற்றிக் கைவிட, அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். தையல்காரர் அவனைக் கொன்றுவிட்டு ஓடி, பார்வையிழந்த மேஜர் ஒருவர் வீட்டில் அடைக்கலம் புகுகிறார். கொல்லப்பட்டவன் அந்த மேஜரின் மகன்தான் என்பது அவருக்குத் தெரியாது. இவ்வளவு பாரத்தைச் சுமக்கும் பாத்திரத்தைச் சிரிப்பு நடிகர் என்று பெயர் வாங்கிய ஒருவரிடம் பாலசந்தர் கொடுத்தார். தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்து வாழ்நாளைத் தைத்துத் தீர்க்கும் ஆயிரமாயிரம் பேர் இருக்கும் ஊர் நம்முடையது. அந்தப் படத்தை இங்கே எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

1968-இல் வந்த ‘எதிர்நீச்ச’லில் மாடிப்படிக்கு அடியில் குடியிருக்கும் அனாதை மாது; அந்த வளவில் குடியிருக்கும் எல்லாருக்கும் எடுபிடி வேலை செய்து, மிஞ்சிய சோற்றைத் தின்று, கல்லூரியில் படிப்பவன். அதே ஆண்டில் ‘தில்லானா மோகனாம்பா’ளில் வைத்தி. மாதுவைக் கண்டு உருகிய அதே மக்கள், வைத்தியைக் கண்டு பல்லைக் கடித்தார்கள். உள்ளே வரும்போதே ஏதோ ஒன்றைத் திருடிக்கொண்டு வருபவனைப் போன்ற நடை! உடம்பு ஒன்றே, முகம் ஒன்றே. குணச்சித்திரம் என்ற சொல்லுக்கு நாம் வேறு உரை தேடவில்லை.

அந்த ஆண்டுகளில் அவர் ஒரே நாளில் பல படப்பிடிப்புத் தளங்களுக்கு ஓடினார். நடித்த படங்கள் நூற்றுக்கணக்கில். அவற்றில் பல அவசரத்தில் சமைத்தவை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பல படங்களில் அவர் பகுதியைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்கவில்லை. 1970-களில் வாய்ப்புகள் மெல்லக் குறைந்தன. புதிய முகங்கள் வந்தன. மக்கள் ஒருவரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துக் களைத்தபின் அவர் பக்கமே திரும்பாமல் இருப்பது கலைஞர்களுக்கு நேரும் கொடுமைகளில் ஒன்று. 1974-இல் கலைமாமணி விருது கிடைத்தது. 1975-இல் ‘அபூர்வ ராகங்க’ளில் ஒரு மருத்துவராக வந்தார். பிறகு நெடிய இடைவெளி போன்ற ஒரு காலம்.

அந்த இடைவெளியிலிருந்து அவரை மீட்டதில் கமலகாசனுக்குப் பங்கு அதிகம். 1989-இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் நாகேஷை வில்லனாக்கினார்கள். தர்மராசன் என்ற அந்தக் கொடியவனிடம் சிரிப்பும் இருக்கும். அந்தச் சிரிப்புதான் அச்சமூட்டும். 1990-இல் ‘மைக்கேல் மதன காமராசன்’ படத்தில் அவினாசி என்ற பெயரில் முதலாளியிடம் பணம் சுருட்டுபவர். பெயரைக் கேட்டதும் நம் பக்கத்து வாசகர்கள் புன்னகைத்திருப்பீர்கள். 1994-இல் ‘மகளிர் மட்டும்’ படத்தில் பிணம். வசனம் இல்லை, கண் திறக்கவில்லை, மூன்று பெண்கள் தூக்கிக்கொண்டும் தள்ளிக்கொண்டும் அலைகிறார்கள். நடிப்புக்கு வேண்டிய கருவிகள் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்ட பிறகும் எஞ்சியிருந்த தோளையும் தலையையும் கொண்டு சிரிக்க வைத்தார்.

அதே 1994-இல் ‘நம்மவர்’. கே.எஸ். சேதுமாதவன் இயக்கியது. கல்லூரிப் பேராசிரியர் பிரபாகர் ராவ் என்ற வேடம். மகள் தற்கொலை செய்துகொண்ட வீட்டில் தந்தை நிற்கிறார். அழ வேண்டிய இடத்தில் அவருக்கு அழுகை வரவில்லை. பேச்சு எங்கெங்கோ போகிறது, சிரிப்பதா புலம்புவதா என்று தெரியாமல் வாய் கோணுகிறது. சாவு வீடுகளுக்குப் போய்ப் பழகியவர்கள் நாம். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், வந்தவர்களிடம் நாற்காலி போதுமா, காப்பி குடித்தீர்களா என்று விசாரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறோம். அந்தத் தகப்பனை நாகேஷ் எங்கோ பார்த்திருக்க வேண்டும். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அதற்காகவே கிடைத்தது. வயது அறுபதைத் தாண்டியிருந்தது. மத்திய அரசின் பத்ம விருது எதுவும் கடைசிவரை அவருக்கு வரவில்லை. நம் கருத்தில் அது அவருடைய குறை அன்று.

2008-இல் வெளிவந்த ‘தசாவதார’த்தில் முதியவராக வந்து போனார். 2009 சனவரி 31 அன்று சென்னையில் காலமானார். வயது 75. அதற்கு அடுத்த மாதம் திருப்பூர் தனி மாவட்டமானது; ஈரோடு மாவட்டத்திலிருந்த தாராபுரம் அதில் சேர்க்கப்பட்டது. ஆக, திருப்பூர் மாவட்டத்துக்காரர் என்று நாம் உரிமை கொண்டாடும் மனிதர், அப்படி ஒரு மாவட்டம் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார்.

இனி நம் இளைஞனிடம் வருவோம். அவன் தாயார் கேட்ட கேள்வியைச் சுமந்துகொண்டு அவன் வீட்டுக்குப் போக நமக்குச் சில வாரங்கள் பிடித்தன. போனபோது அவன் வேலைக்குப் போயிருந்தான். மறுமுறை போனோம், இருந்தான். மன்னிப்புக் கேட்டோம். “அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றான். ஒன்றுமில்லை என்று சொல்லும் விதத்திலேயே எவ்வளவு இருக்கிறது என்பது தெரிந்தது. நாகேஷைப் பற்றிப் பேச்செடுத்தோம். அவருக்கும் முகத்தில் தழும்பு என்று நாம் சொன்னதை அவன் அவ்வளவாக விரும்பவில்லை. தழும்பைப் பற்றிய பேச்சு, ஆறுதலாக வந்தாலும், தழும்பைப் பற்றிய பேச்சுத்தானே! சட்டென்று பேச்சை மாற்றி, தையல்காரர் வேடத்தைப் பற்றிச் சொன்னோம். அப்போதுதான் நிமிர்ந்தான். “டைலரா வர்றாருங்களா? மெசின்ல உக்காந்து தைக்கறாப்ல வருதுங்களா?” என்று கேட்டான்.

அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகள் அவன் இளைஞர் கூட்டத்திற்கு வரவில்லை. கோயிலில் பின்வரிசையில் நின்றுவிட்டுப் போவான். கண்ணில் பட்டால் வணக்கம் சொல்வான். நாமும் வற்புறுத்தவில்லை. கைமடியிலிருந்து ஓவர்லாக் டைலராகிவிட்டான் என்று கேள்விப்பட்டோம். இதற்கிடையில் பங்கு நாடகத்திற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் முறையில் ஒரு சிறு மாற்றம் செய்தோம். தேர்வுக் குழுவினர் ஒரு திரைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வது, வருகிறவர்களின் குரலை மட்டும் கேட்பது, பிறகே முகத்தைப் பார்ப்பது. முதலாண்டில் எல்லாரும் கேலி செய்தார்கள். திரைக்குப் பின்னால் கேட்ட ஒரு கம்பீரமான குரலுக்கு மூத்த அரசர் வேடம் கொடுத்துவிட்டுத் திரையை விலக்கினால், கோயில்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அறுபத்து மூன்று வயது. அந்த வருடம் மணி அடிக்க வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று.

இவ்வாண்டுத் தேர்வுக்கு, யாரும் அழைக்காமலே, அவன் வந்தான். திரைக்கு அப்பாலிருந்து குரல் கேட்டதும் நமக்குத் தெரிந்துவிட்டது; குழுவிலிருந்த மற்றவர்களுக்குத் தெரியாது. நாம் வாய் திறக்கவில்லை. குரல் ஓய்ந்ததும் மூவரும் ஒரே குரலில் “சூசையப்பர்” என்றார்கள். திரையை விலக்கினோம். கடன் தீர்ந்தது என்ற எண்ணத்தோடு, “தம்பி, சூசையப்பர் வேடம் உனக்குத்தான்” என்றோம்.

அவன் சற்று யோசித்தான்.

“சூசையப்பர் வேண்டாமுங்க. அவர் பேசறதே கம்மிங்க. ஏரோது குடுங்க. அதுலதானுங்க வசனம் நெறைய இருக்குது” என்றான். பிறகு, “ஒத்திகைக்கு ஒம்பது மணிக்கு மேலதான் வர முடியுமுங்க, இந்த மாசம் பூராம் ஒன்றரை ஷிப்ட்டு” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.